செத்த காலேஜ், உயிர் காலேஜ்: சென்னையில் பட்டணம் பார்க்கும் நாளின் வரலாறு

செத்த காலேஜ், உயிர் காலேஜ் என்பவை சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கும் சென்னை உயிரியல் பூங்காவுக்கும் பொதுமக்கள் வழங்கிய பெயர்கள். பாடம் செய்யப்பட்ட உடல்களும் எலும்புக்கூடுகளும் இருந்த எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ் என்றும், உயிருள்ள விலங்குகள் இருந்த பூங்கா உயிர் காலேஜ் என்றும் அழைக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, வெளியூரிலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் ஒரே நாளில் கண்டு திரும்பும் இடங்களில் இவை இரண்டும் முதன்மையாக இருந்தன. காணும் பொங்கலன்று இங்கு பெருங்கூட்டம் கூடியது.

அருங்காட்சியகத்தை நிறுவியவர்கள் அறிஞர்களுக்கான சேகரிப்பாக அதைத் தொடங்கினர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உட்பட, பார்க்க வந்த மக்கள் அதைப் பொது இடமாக ஆக்கினர். லண்டன் போன்ற ஐரோப்பிய நகரங்களில் அருங்காட்சியகம் பொதுமக்களின் இடமாக மாறிய அதே காலத்தில் சென்னையிலும் அந்த மாற்றம் நிகழ்ந்தது.

பெயர்க் காரணம்

அருங்காட்சியகத்துக்குக் காலேஜ் என்ற பெயர் வந்ததற்குக் காரணம் அது முதலில் இருந்த கட்டடம். நுங்கம்பாக்கத்தில் இன்று கல்லூரிச் சாலை எனப்படும் தெருவில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இயங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பணிக்கு இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர்களுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்பிக்க 1812இல் எஃப். டபிள்யூ. எல்லிஸின் முயற்சியால் அது தொடங்கப்பட்டது. தமிழில் அதைச் சென்னைக் கல்விச் சங்கம் என்பர். இக்கல்லூரிக் கட்டடத்தின் மாடியில்தான் 1851இல் அருங்காட்சியகம் தொடங்கியது.

காலேஜில் இருக்கும் பொருள்களைப் பார்க்கப் போனவர்கள், காலேஜுக்குப் போவதாகவே சொன்னார்கள். சில ஆண்டுகளில் அருங்காட்சியகம் எழும்பூருக்கு மாறிய பிறகும் பேச்சில் பெயர் மாறவில்லை. உயிருள்ள விலங்குகள் சேர்க்கப்பட்டு, பின்னர் அவை தனி இடத்துக்குச் சென்றபோது இரண்டையும் வேறுபடுத்த வேண்டியிருந்தது. செத்தவை இருக்கும் காலேஜ், உயிருள்ளவை இருக்கும் காலேஜ் என்று மக்கள் பிரித்துக்கொண்டனர். கல்லூரியில் தொடங்கியது, விலங்குப் பூங்காவும் அருங்காட்சியகமும் ஒன்றாக இருந்து பிரிந்தது ஆகிய இரண்டு வரலாற்றுச் செய்திகளை இப்பெயர்கள் காத்து வைத்துள்ளன.

கல்லூரி மாடியில் தொடக்கம்

1812இல் தொடங்கப்பட்ட சென்னை இலக்கியச் சங்கம் ஐரோப்பிய அதிகாரிகளும் அறிஞர்களும் கூடிய அமைப்பு. அதன் உறுப்பினர்கள் பாறைகள், தாதுக்கள், புதைபடிவங்கள் ஆகியவற்றைச் சேகரித்து வந்தனர். அவற்றைக் கொண்டு ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை 1840களில் எழுந்தது. ஆளுநர் ஹென்றி பாட்டிஞ்சர் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர் அவையின் அனுமதியைப் பெற்றுத் தந்தார். சங்கம் அளித்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகள் அருங்காட்சியகத்தின் முதல் சேகரிப்பாயின. இச்சங்கத்தின் நூலகம் இன்றும் கல்லூரிச் சாலை வளாகத்திலேயே உள்ளது.

பொறுப்பை ஏற்றவர் எட்வர்ட் பால்ஃபோர் (1813-1889). இவர் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1834இல் இந்தியாவுக்கு வந்த இராணுவ மருத்துவர். பின்னாளில் இந்தியக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்து 1857இல் வெளியிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்கள் படிக்க 1875இல் வழி திறந்ததிலும் இவருக்குப் பங்குண்டு. அருங்காட்சியகப் பணி இவருடைய மருத்துவப் பணிகளோடு சேர்ந்த கூடுதல் பொறுப்பாக இருந்தது.

மக்களிடமும் அதிகாரிகளிடமும் பொருள்களைக் கேட்டுப் பெற்றார் பால்ஃபோர். கல், தாது, விதை, மரம், சங்கு, பறவை, நாணயம் என வந்தவற்றையெல்லாம் ஏற்றார். சில ஆண்டுகளில் மாடியில் இடம் போதவில்லை. பாரம் தாங்காமல் கட்டடமும் பழுதடையும் நிலை ஏற்பட்டது. வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

பாந்தியனுக்கு மாற்றம்

1854ஆம் ஆண்டின் இறுதியில் அருங்காட்சியகம் எழும்பூரில் பாந்தியன் எனப்பட்ட வளாகத்துக்குச் சென்றது. 1778இல் ஹால் பிளமர் என்ற கம்பெனி அதிகாரிக்கு அரசு அளித்த 43 ஏக்கர் நிலம் அது. 1793இல் அந்தச் சொத்து 24 பேர் கொண்ட ஒரு குழுவிடம் சென்றது. நகரத்து ஐரோப்பியர்கள் நடனம், நாடகம், விருந்து ஆகியவற்றுக்குக் கூடும் மன்றமாக அது விளங்கியது. 1821இல் மூராட் என்ற ஆர்மீனிய வணிகர் அதை வாங்கினார். 1830இல் அரசு அவரிடமிருந்து திரும்ப வாங்கியது. பாந்தியன் சாலை என்ற பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

ஐரோப்பியர்களின் கேளிக்கைக்கு மட்டும் திறந்திருந்த இடம், அரை நூற்றாண்டு கழித்து நகரத்தில் எவரும் கட்டணமின்றி நுழையும் இடமாயிற்று. பின்னர் இவ்வளாகத்தில் பல கட்டடங்கள் எழுந்தன. கன்னிமாரா பொது நூலகத்துக்கு 1890இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1896இல் அது திறக்கப்பட்டது. அருங்காட்சியக அரங்கமும் அதே காலத்தைச் சேர்ந்தது. சிவந்த கல்லில் எழுப்பப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு 1906இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1909இல் அது திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டி கட்டிய இம்மண்டபம் 1951இல் தேசிய ஓவியக் கூடமாயிற்று.

உயிர் காலேஜின் தோற்றம்

அருங்காட்சியகத்தில் உயிருள்ள சில விலங்குகளை வைத்தபோது பார்வையாளர் எண்ணிக்கை உயர்ந்ததைப் பால்ஃபோர் கவனித்தார். சிறுத்தையையும் புலியையும் பார்க்க வந்தவர்கள் உள்ளே சென்று கற்களையும் விதைகளையும் பார்த்தனர். 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குக் காட்சிச்சாலையைத் தொடங்கினார். கர்நாடக நவாபிடமிருந்த விலங்குகளையும் கேட்டுப் பெற்றார். ஓராண்டில் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன என 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்தன.

பால்ஃபோரின் வழி இன்றைய பார்வையில் எளிதாகத் தோன்றலாம். அக்காலத்தில் அருங்காட்சியகத்தின் மதிப்பு அதன் பொருள்களையும் அதைப் பயன்படுத்தும் அறிஞர்களையும் கொண்டே கணிக்கப்பட்டது. வேடிக்கை பார்க்க வருபவர்களும் அதன் மக்களே என்று கொண்டு, அவர்களை வரவழைப்பதையே ஒரு வேலையாக அவர் செய்தார்.

1860களின் தொடக்கத்தில் விலங்குகள் சென்னை நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் உருவான மக்கள் பூங்காவின் ஒரு பகுதியில் அவை வைக்கப்பட்டன. இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய இப்பூங்கா 116 ஏக்கர் பரப்புடையது. நுழைவுக் கட்டணம் இல்லை. 1873இல் சென்ட்ரல் நிலையமும், 1900இல் மூர் மார்க்கெட்டும் அருகில் வந்தபின், ரயிலிலிருந்து இறங்குபவர் முதலில் காணும் இடம் உயிர் காலேஜாக இருந்தது.

லண்டனில் நடந்த அதே விவாதம்

அருங்காட்சியகத்தில் பாமர மக்களை அனுமதிக்கலாமா என்ற கேள்வி ஐரோப்பாவிலும் நெடுநாள் இருந்தது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1759இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆயினும் முதல் சில பத்தாண்டுகளில் உள்ளே செல்ல எழுத்து மூலம் விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியிருந்தது. கூட்டம் பொருள்களைச் சேதப்படுத்தும் என்று அஞ்சினர்.

1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் கண்ணாடி மாளிகைக் கண்காட்சி நடந்தது. சென்னை அருங்காட்சியகம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஒரு ஷில்லிங் கட்டண நாள்களில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு ரயிலில் வந்து பார்த்தனர். ஏறத்தாழ 60 லட்சம் பேர் வந்தும், அஞ்சியபடி கலகம் எதுவும் நேரவில்லை. 1857இல் தொடங்கிய தென் கென்சிங்டன் அருங்காட்சியகம், வேலை முடிந்து வருபவர்களுக்காக எரிவாயு விளக்கொளியில் மாலையிலும் திறந்திருந்தது. தொழிலாளர்களுக்கு வாரத்தில் கிடைத்த ஒரே விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் லண்டனின் அரசு அருங்காட்சியகங்களைத் திறக்க 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1855இல் சென்னையில் நடந்த பெரிய பொருட்காட்சியை நடத்தியவர்களில் பால்ஃபோரும் ஒருவர். கட்டணமில்லாத நுழைவு, உயிருள்ள விலங்குகள் ஆகியவற்றின் வழியாகச் சென்னை அருங்காட்சியகம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பொதுமக்களை உள்ளே கொண்டுவந்தது.

காணும் பொங்கல் நாள்

பொங்கலின் மறுநாள் மாட்டுப் பொங்கல். அதற்கு அடுத்த நாள் காணும் பொங்கல். உறவினரையும் பெரியவர்களையும் கண்டு வருதல் இந்நாளின் மரபு. சென்னையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இந்நாளில் வெளியே சென்று இடங்களைக் காண்பதும் மரபாயிற்று. அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் இருக்கும் காலம் அது. புதுத்துணியும் இருக்கும்.

காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதி ஊர்களிலிருந்து குடும்பங்கள் மாட்டுவண்டிகளில் கட்டுச்சோற்றுடன் வந்தன. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடத் தொடங்கியதும் தொலைவூர்களிலிருந்தும் வருவது எளிதாயிற்று. 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டிகள் நகரத்துக்குள் பயணத்துக்கு உதவின. 1908இல் எழும்பூர் ரயில் நிலையம் திறக்கப்பட்டபின், தெற்கிலிருந்து வந்தவர்கள் நிலையத்திலிருந்து நடந்தே அருங்காட்சியகத்துக்குச் செல்ல முடிந்தது.

உயிர் காலேஜ், மூர் மார்க்கெட், செத்த காலேஜ் ஆகியவற்றைப் பார்த்தபின் மாலையில் கடற்கரைக்குச் செல்வது இந்நாளின் பொதுவான வழி. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் கடற்கரையோரத்தில் நடைபாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். 1909இல் அங்கு மீன் காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. அதற்குத் திட்டமிட்டவர் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். ஆகவே புலி, பாடம் செய்த பறவை, திமிங்கல எலும்புக்கூடு, கடல் மீன் ஆகிய நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவு வண்டியில் ஊர் திரும்ப முடிந்தது.

கற்களின் இரண்டு ஊர்கள்

செத்த காலேஜுக்கு வந்தவர்கள் பார்த்தவற்றுள் உலகப் புகழ் பெற்றவை அமராவதிச் சிற்பங்கள். இன்றைய ஆந்திரத்தில் கிருஷ்ணா ஆற்றங்கரையிலிருந்த பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள் இவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நில அளவையாளர் காலின் மெக்கன்சி இவ்விடத்தைப் பற்றி அறிந்து சென்று பார்த்தார். 1816இல் மீண்டும் வந்தபோது பல சிற்பங்களை வரைபடமாக்கினார். 1845இல் வால்டர் எலியட் என்ற அதிகாரி அகழ்ந்து எடுத்த சிற்பங்கள் சென்னைக்கு வந்தன. பல ஆண்டுகள் அவை வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் கிடந்தன. 1858இல் லின்னேயஸ் டிரைப் அவற்றைப் புகைப்படம் எடுத்தார்.

1859இல் 121 சிற்பங்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அங்கும் நெடுநாள் கிடங்கில் இருந்த பின், 1880இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தன. பின்னர் நடந்த அகழ்வுகளில் கிடைத்தவற்றில் பல சென்னைக்கு வந்தன. பாரிசின் கிமே அருங்காட்சியகத்திலும் சில உள்ளன.

இதனால் ஒரே தூபியின் வேலியும் பலகைகளும் இரண்டு கண்டங்களில் பிரிந்து நிற்கின்றன. லண்டனில் ஒரு நாள் செலவழித்து அருங்காட்சியகம் பார்ப்பவர் ஒரு பகுதியைக் காண்கிறார். சென்னையில் அதே போல் ஒரு நாள் செலவழிப்பவர் இன்னொரு பகுதியைக் காண்கிறார். முழுத் தூபியை எவரும் ஓரிடத்தில் காண முடியாது. சென்னையிலும் இக்கற்கள் அவற்றின் ஊரில் இல்லை என்பதும் நினைவில் கொள்ள வேண்டியது.

பார்க்க வந்தவர்களை அளந்த காலம்

1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அருங்காட்சியகத்தைப் பெரிதும் வளர்த்தார். ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த தொல்பழங்காலக் கருவிகள் 1904இல் வாங்கப்பட்டன. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொருள்களும் இக்காலத்தில் சேர்ந்தன.

தர்ஸ்டனுக்கு மானிடவியலில் ஆர்வம் மிகுதி. மூக்கின் அகலம், மண்டையின் நீளம் முதலியவற்றை அளந்து மக்களைச் சாதிகளாகவும் இனங்களாகவும் வகைப்படுத்த முடியும் என்று அக்கால ஐரோப்பிய அறிஞர் பலர் நம்பினர். ஊர் ஊராகச் சென்று அளந்த தர்ஸ்டன், அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களையும் அளந்தார். இவ்வேலையின் விளைவாக, க. ரங்காச்சாரியின் துணையுடன் அவர் எழுதிய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. பல சமூகங்களின் வழக்கங்களைப் பதிவு செய்த வகையில் இந்நூல் இன்றும் பயன்படுகிறது. மண்டை அளவைக் கொண்டு மக்களை வகைப்படுத்தும் முறையை அறிவியல் பின்னர் கைவிட்டது.

விலங்குகளைப் பார்க்க வந்தவர் தாமே ஒரு மாதிரிப் பொருளாகப் பார்க்கப்பட்டார் என்பது இக்காலத்தின் முரண். மக்களை உள்ளே அழைத்த அதே நிறுவனம் அவர்களைத் தனக்குச் சமமாகக் கருதவில்லை. வேடிக்கை பார்க்கும் கூட்டம் எதையும் கற்றுக்கொள்வதில்லை என்பதும் அக்கால அதிகாரிகளிடையே பரவியிருந்த எண்ணம். ஆனால் ஆண்டுதோறும் அக்கூட்டம் குறையாமல் வந்தது. தாம் கண்டவற்றைச் செத்தவை, உயிருள்ளவை என்று அவர்களும் ஒரு வகைப்பாடு செய்திருந்தனர்.

கோயிலுக்கு வெளியே தெய்வங்கள்

1878இல் புதையல் சட்டம் வந்தது. நிலத்தில் கிடைக்கும் செப்புத் திருமேனிகளை மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதால், அவற்றில் பல சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் ஆகியவை இங்குள்ள புகழ்பெற்ற படிமங்கள்.

இங்குள்ள நடராசர் படிமங்களின் புகைப்படங்களைப் பார்த்துப் பாரிஸ் நகரச் சிற்பி ஒகுஸ்த் ரோதன் சிவனின் நடனம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு 1921இல் அது வெளியானது. ரோதன் அப்படிமங்களை நேரில் கண்டதில்லை. காணும் பொங்கலுக்கு வண்டி கட்டி வந்தவர்கள் நேரில் கண்டனர்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருங்கோயில்களுக்குள் நுழைய முடியாத காலம் அது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு 1939இல்தான் நடந்தது. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவு உரிமைச் சட்டம் 1947இல் வந்தது. அருங்காட்சியகத்திலோ சாதி கேட்டு நிறுத்தும் வாயில் இல்லை. கருவறைக்கு அருகில் செல்ல இயலாத ஒருவர், சோழர் காலத் திருமேனிக்கு முன் கையெட்டும் தூரத்தில் நிற்க முடிந்தது. அங்கே பூசையும் தீபமும் இல்லை. தெய்வம் காட்சிப் பொருளாகியிருந்தது. எனினும் படிமக் கூடத்தில் கைகூப்பி நிற்கும் பார்வையாளர்களை இன்றும் காணலாம்.

1942ஆம் ஆண்டு

இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களைத் தாக்கின. சென்னையும் தாக்கப்படும் என்ற அச்சத்தில் மக்கள் பெருமளவில் நகரத்தை விட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன.

குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் கொடிய விலங்குகள் தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்சி, உயிர் காலேஜிலிருந்த சிங்கம், புலி உள்ளிட்ட விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. 1939இல் போர் தொடங்கியபோது லண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலும் இதே காரணத்தால் நச்சுப் பாம்புகள் கொல்லப்பட்டிருந்தன. மெரினா மீன் காட்சியகமும் போர்க் காலத்தில் மூடப்பட்டது. போருக்குப் பின் உயிர் காலேஜில் மீண்டும் விலங்குகள் சேர்க்கப்பட்டன. கூட்டமும் திரும்பியது.

தெற்கே நகர்ந்த பாதை

விடுதலைக்குப் பின் பட்டணம் பார்ப்பவர்களின் பாதை மெல்ல மாறியது. பூங்கா நகரிலும் எழும்பூரிலும் மையம் கொண்டிருந்த ஒருநாள் சுற்று, மெரினா, மயிலாப்பூர், கிண்டி, அடையாறு எனத் தெற்கு நோக்கி நீண்டது. 1956இல் அடையாறை ஒட்டிய கிண்டியில் காந்தி மண்டபம் திறக்கப்பட்டது. 1969இல் மறைந்த அண்ணாதுரைக்கும் 1987இல் மறைந்த எம்.ஜி.ஆருக்கும் மெரினாவில் நினைவிடங்கள் எழுந்தன. எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து அவருடைய கைக்கடிகார ஓசை கேட்கிறதா என்று பார்ப்பது வெளியூரிலிருந்து வருபவர்களின் வழக்கமாயிற்று.

1972இல் கிண்டியில் பாம்புப் பண்ணையும், 1976இல் நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டமும், 1988இல் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் தொடங்கின. தியாகராய நகரில் காமராசர் வாழ்ந்த திருமலைப் பிள்ளை சாலை வீடும், ஆர்க்காடு தெருவில் எம்.ஜி.ஆர். அலுவலகமாகப் பயன்படுத்திய வீடும் நினைவில்லங்களாயின. கடற்கரையில் ஒருகாலத்தில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸ், 1897இல் விவேகானந்தர் தங்கியதன் நினைவாக விவேகானந்தர் இல்லமாயிற்று. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தின் பெரிய ஆலமரமும் பார்க்கும் இடங்களில் சேர்ந்தது.

பழைய சுற்றின் இரண்டு இடங்கள் 1985ஆம் ஆண்டில் மறைந்தன. அவ்வாண்டு மே மாதம் மூர் மார்க்கெட் தீயில் அழிந்தது. ஜூலையில் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. மக்கள் பூங்காவில் நெருக்கமான கூண்டுகளில் இருந்த விலங்குகளுக்குக் காட்டுச் சூழலும் விரிந்த இடமும் கிடைத்தன. ஆனால் சென்ட்ரலில் இறங்கி நடந்தே பார்த்த பூங்கா, நகரத்தின் மையத்திலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்றது. ஒரே நாளில் இரண்டு காலேஜும் பார்ப்பது கடினமாயிற்று. உயிர் காலேஜ் என்ற பெயரும் பேச்சு வழக்கிலிருந்து மெல்ல மறைந்தது.

இன்றைய நிலை

சென்னை அரசு அருங்காட்சியகம் இன்று 16 ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகத்தில், 6 கட்டடங்களில், 46 காட்சிக் கூடங்களுடன் உள்ளது. கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்கு அடுத்து நாட்டின் பழைமையான பெரிய அருங்காட்சியகம் இது. வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை. நுழைவுக்குக் கட்டணம் உண்டு. தொல்லியல், படிமங்கள், நாணயவியல், விலங்கியல், தாவரவியல், நிலவியல், மானிடவியல் எனப் பிரிவுகள் உள்ளன. அமராவதிச் சிற்பங்களும் திமிங்கல எலும்புக்கூடும் இன்றும் பள்ளி மாணவர்களை ஈர்க்கின்றன.

காணும் பொங்கலன்று சென்னையில் இன்றும் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படுகின்றன. மெரினாவில் கடலில் இறங்கத் தடை விதிக்கப்படுகிறது. கூட்டத்தில் குழந்தைகள் தவறிவிடாமலிருக்கப் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையைக் காவலர்கள் அவர்களின் கையில் கட்டிவிடுகின்றனர். வண்டலூரிலும் கிண்டியிலும் நீண்ட வரிசை நிற்கிறது.

அமராவதிச் சிற்பங்களின் மற்றொரு பகுதியைக் காண லண்டன் வரை செல்ல இயல்பவர்கள் சிலரே. எழும்பூரில் உள்ளதைக் காண வண்டி கட்டி வந்தவர்கள் பல தலைமுறையினர். அவர்களில் பெரும்பாலோர் தாம் கண்டதை எழுதி வைக்கவில்லை. அவர்கள் இட்ட இரண்டு பெயர்களே அவர்களுடைய வருகைக்கான சான்றாக நிற்கின்றன. சென்னையின் மூத்தவர்களிடையே செத்த காலேஜ் என்ற சொல் இன்னும் வழங்குகிறது.